கிசுமுவில் கைவினைப் பொருள் வாங்குவது எப்படி: விக்டோரியா ஏரிக்கரை நகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கென்யாவின் மேற்கு ஓரத்தில், விக்டோரியா ஏரியின் வினாம் வளைகுடாவை ஒட்டிய நகரம் கிசுமு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரம். நிலநடுக்கோடு பக்கத்திலேயே ஓடுகிறது. மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதை 1901 டிசம்பரில் ஏரியைத் தொட்ட இடம் இதுதான். அப்போது வைத்த பெயர் போர்ட் ஃபுளோரன்ஸ். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் லுவோ மக்கள். மீனும் கோரையும் களிமண்ணும் அவர்கள் வாழ்க்கையில் பின்னிக் கிடப்பவை.

கைவினைப் பொருள் வாங்க வருகிறவர்கள் இங்கே செய்யும் முதல் தவறு, கண்ணில் பட்ட முதல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடிப்பது. அந்தக் கடையில் மாசாய் மணிமாலை இருக்கும், கியோண்டோ கூடை இருக்கும், கறுப்பு மரச் சிற்பம் இருக்கும். இவற்றில் எதுவும் கிசுமுவின் பொருள் அல்ல. கியோண்டோ கம்பா, கிகுயு பெண்களுடையது. மரச் சிற்பம் பெரும்பாலும் நைரோபிக்குக் கிழக்கே உள்ள கம்பா நாட்டிலிருந்து வருகிறது. மணிமாலை தெற்குப் புல்வெளிகளைச் சேர்ந்தது. நைரோபி விமான நிலையத்திலேயே இவை கிடைக்கும். கிசுமு வரை வந்தவர் வாங்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று ஏரி தருவது: பாப்பிரஸ் கோரைப் பாய், ஆகாயத்தாமரைத் தண்டில் முடைந்த பொருள்கள், நைல் பெர்ச் மீன் தோல், லுவோ பெண்கள் வனையும் மண்பானை. மற்றொன்று தெற்கே கிசி மலையில் வெட்டும் மாக்கல். இந்த இரண்டையும் செய்கிறவர் கையிலிருந்தே வாங்கும்படி நான்கு நாளை ஒழுங்கு செய்வதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

புறப்படும் முன்

2024 ஜனவரியிலிருந்து கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. இ-டிஏ என்பார்கள். விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 3 நாள் முன்பு, முடிந்தால் 2 வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். தங்குமிட உறுதிச் சீட்டும் பயணச் சீட்டும் கேட்பார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. அவை கூடுதல் கட்டணம் பிடுங்கும். முகவரியின் கடைசியில் கென்ய அரசுக்குரிய 'go.ke' இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அலட்சியம் செய்யக் கூடாது. கென்யா அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், திரும்பி வரும்போது இந்தியாவில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவுக்கும் சேர்த்து ஒரு மாதம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் தேவை.

ஏரிப் பகுதி கென்யாவிலேயே மலேரியா அதிகமுள்ள பகுதி. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன நாளில் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

பையில் வைக்க வேண்டியவை: பழைய பருத்தி வேட்டி அல்லது புடவை இரண்டு (பொருள்களைச் சுற்ற), 2 மீட்டர் அளவு நாடா, சின்னத் தூக்குத் தராசு, வெள்ளைப் பருத்தித் துணி நாலைந்து துண்டு, முகக்கவசம் 2, துணிப்பைகள். கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் அவற்றுக்குத் தடை, தண்டனையும் கடுமை. மின்செருகி சதுரக் கால் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை.

மழை மார்ச்–மே மாதங்களில் கனமாகவும், அக்டோபர்–டிசம்பரில் கொஞ்சம் குறைவாகவும் பெய்யும். ஏரி அருகில் இருப்பதால் மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு கொட்டுவது உண்டு. எனவே எந்த மாதம் போனாலும் சந்தை வேலையைக் காலையில் முடியுங்கள். கோரைப் பொருள்களை ஈரத்தில் வாங்கக் கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

போய்ச் சேர்வது, நகருக்குள் நடமாடுவது

நைரோபியிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம் போல ஆகும். சாலை வழியே நக்குரு, கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி சுமார் 350 கிலோமீட்டர், பேருந்தில் 7 மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு யோசனை: போகும்போது பேருந்தில் போகலாம், ஆனால் திரும்பும்போது விமானமா பேருந்தா என்பதை வாங்கப்போகும் கல்லின் எடையை வைத்து முடிவு செய்யுங்கள். உள்நாட்டு மலிவு விமானங்களில் பைக்குத் தனிக் கட்டணம் உண்டு. சர்வதேச விமானத்தில் அனுமதித்த எடை இங்கே செல்லாமல் போகலாம்.

நகருக்குள் ஆட்டோ உண்டு, அதை டுக்-டுக் என்பார்கள். போடா-போடா என்ற மோட்டார் சைக்கிள் வாடகை வண்டியும் உண்டு. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் வண்டிகளை அங்கே தெருத்தெருவாகப் பார்க்கலாம். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள், தலைக்கவசம் கேளுங்கள். பானையோ கல்லோ கையில் இருந்தால் போடா வேண்டாம், டுக்-டுக்தான் சரி. ஊர்விட்டு ஊர் போக 14 பேர் ஏறும் மடாடு வேன்கள் இருக்கின்றன.

ஆட்களை எப்படி அழைப்பது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடைப் பெண்மணியை சுவாஹிலியில் 'மாமா' என்று அழைப்பார்கள். நம் காதுக்கு விநோதமாகப் படும், ஆனால் அங்கே அது அம்மா என்ற மரியாதைச் சொல். வயதான ஆண் 'ம்ஸே'. காலை வணக்கம் லுவோ மொழியில் 'ஓயாவோரே', நன்றி 'எரோகமானோ'. இந்த இரண்டு சொல்லைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். சுவாஹிலி எல்லாச் சுற்றுலாப் பயணியும் பேசுவது, லுவோ பேசினால் வீட்டுக்கு வந்தவர் போல.

பணத்துக்கு எம்-பெசா

நாணயம் கென்ய ஷில்லிங். சமீப ஆண்டுகளில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 129 ஷில்லிங் என்ற அளவில் நிற்கிறது. சந்தையில் அட்டை செல்லாது. பணத்தாள் செல்லும், எம்-பெசா அதைவிட நன்றாகச் செல்லும். 2007-இல் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணமுறை இல்லாத கூடைக்காரப் பெண்ணைக் கூடப் பார்ப்பது அரிது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சஃபாரிகாம் என்ற கைபேசி நிறுவனத்தின் கடைக்குக் கடவுச்சீட்டோடு போய் சிம் வாங்குங்கள், எம்-பெசாவையும் அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். நான்கு இலக்க ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள். தெருவோர ஏஜெண்டிடம் பணத்தாளைக் கொடுத்தால் கணக்கில் ஏறும், போடுவதற்குக் கட்டணம் இல்லை. பொருள் வாங்கும்போது விற்பவரின் எண்ணுக்கு அனுப்பும் முன் திரையில் அவர் பெயர் வரும். அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்து அவரிடம் உறுதி செய்த பிறகு ரகசிய எண்ணைப் போடுங்கள். ஒரு இலக்கம் தவறினால் பணம் யாரோ ஒருவருக்குப் போய்விடும், திரும்பப் பெறுவது பெரும்பாடு. 50, 100, 200 ஷில்லிங் தாள்களும் கொஞ்சம் வைத்திருங்கள். காலையில் முதல் விற்பனைக்கு 1,000 ஷில்லிங்கை நீட்டினால் சில்லறை தேடியே அரை மணி போகும்.

சனி காலை: முதலில் அருங்காட்சியகம்

வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அது பின்னால் விளங்கும். சனிக்கிழமை காலை கெரிச்சோ சாலையில் உள்ள கிசுமு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1980-இல் திறந்தது. மீன் காட்சியும் பாம்புப் பண்ணையும் குழந்தைகளுக்கு. உங்களுக்குத் தேவை அங்கே கட்டி வைத்திருக்கும் 'பேர்-கி-டாலா' என்ற முழு அளவு லுவோ வீட்டு வளாகம். பல மனைவியர் உள்ள குடும்பத்தில் எந்த வீடு எங்கே நிற்கும், தானியக் குதிர் எங்கே, பானை எந்த மூலையில் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

கடை ஏறும் முன் இங்கே ஒன்றரை மணி நேரம் செலவழிப்பது வீணாகாது. சோறு போல அவர்கள் உண்ணும் கூழ்க்கட்டியான குவோனைப் பரிமாறும் தட்டுக்கூடை எவ்வளவு நெருக்கமாக முடைந்திருக்கிறது, தண்ணீர்ப் பானை 'டாப்பி'யின் கழுத்து எப்படிக் குறுகுகிறது, நாள்படப் புழங்கிய முக்காலி எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், மறுநாள் சந்தையில் அவசர வேலையும் நல்ல வேலையும் தானாகப் பிரிந்து தெரியும். எட்டு நரம்பு கொண்ட யாழ் வகைக் கருவியான நியாடிடியையும் கவனியுங்கள். கலைஞர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் இரும்பு வளையம் மாட்டி, கருவியின் மரத்திலேயே தாளம் தட்டுவார். காலில் சலங்கையும் உண்டு. கடைகளில் தொங்கும் குட்டி நியாடிடிகள் அலங்காரத்துக்கு மட்டும். உண்மையான கருவியில் பசுத்தோல் போர்த்தியிருக்கும். பதனிடாத தோல் நம் விமான நிலையத்தில் விலங்குப் பொருள் சோதனைக்குள் வரும் என்பதால், இசைக்கிறவர் அல்லாத மற்றவர்கள் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சனி மதியத்துக்குள் டுங்கா: ஏரி தரும் பொருள்கள்

நகர மையத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் டுங்கா மீனவர் கரை. அதை ஒட்டி பாப்பிரஸ் சதுப்பு நிலம். இந்தக் கோரைக்கு லுவோவில் 'டோகோ' என்று பெயர். நம் பத்தமடைப் பாய்க் கோரையும் இதுவும் தாவரவியலில் ஒரே பேரினம், சைப்பெரஸ். ஆனால் பத்தமடைக் கோரை மெல்லிசு, பட்டுபோல மடியும். பாப்பிரஸ் தண்டு ஆள் உயரத்தைத் தாண்டும், முக்கோண வடிவில் தடித்திருக்கும். அதனால் பாயும் முரடாக, சுருட்ட மட்டுமே முடிகிறதாக இருக்கும். மடித்தால் முறியும். விலை பேசும் முன் இது நினைவில் இருக்கட்டும்: 1 மீட்டர் அகலப் பாயைச் சுருட்டினால் 1 மீட்டர் நீளக் குழல் வரும், அது எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாது. 50 அல்லது 60 சென்டிமீட்டர் அகலத்தில் செய்து தரச் சொல்லுங்கள், அல்லது கூடை, விளக்குக் கூண்டு என்று சிறிதாக வாங்குங்கள்.

ஆகாயத்தாமரையை நமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் ஏரிகளை மூச்சுத் திணறடிக்கும் அதே செடி கடந்த நூற்றாண்டின் கடைசியில் விக்டோரியா ஏரியில் பரவி, கிசுமு வளைகுடாவில் படகு நகர முடியாதபடி மூடியது. அதை அழிக்க வண்டு விட்டார்கள், இயந்திரம் விட்டார்கள். கரையோரக் குழுக்கள் தண்டை அறுத்துக் காயவைத்து, கயிறாகப் பின்னி, சட்டத்தில் சுற்றி நாற்காலி, கூடை, கைப்பை செய்கிறார்கள். தண்டைக் கூழாக்கிக் கழிவுக் காகிதத்தோடு கலந்து வாழ்த்து அட்டையும் செய்கிறார்கள். எடையே இல்லாத நல்ல பரிசு அது. பத்து வாங்கினாலும் ஒரு புத்தகத்தின் கனம்தான்.

இதில் கோளாறு எங்கே வருகிறது என்றால், ஈரத்தில். பச்சைத் தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வெயிலில் முழுதாகக் காயாமல் பின்னிவிட்டால், கடையில் நன்றாகத் தெரியும், உங்கள் பெட்டிக்குள் பத்து நாள் கிடந்ததும் கறுப்புப் பூஞ்சை பூக்கும். சோதிக்கும் வழி: பின்னலை விரலால் விரித்து உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். உலர்ந்தது வைக்கோல் வாசனை தரும், ஈரமானது குட்டை வாசனை. கையால் அழுத்தினால் உலர்ந்த தண்டு மெல்லச் சரசரக்க வேண்டும். அமுங்கியே கிடந்தால் விட்டுவிடுங்கள். பிறகு உள்சட்டம். கம்பி என்றால் துரு, மரம் என்றால் பூச்சித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் உள்ளே உயிரோடு புழு இருக்கிறது.

நைல் பெர்ச், உள்ளூர்ப் பெயர் 'ம்புட்டா', ஏரியில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட மீன். ஏற்றுமதிக்குச் சதையை எடுத்த பிறகு மிஞ்சும் தோலைப் பதனிட்டு பணப்பை, கைப்பை, காலணி செய்கிறார்கள். நல்ல மீன் தோலில் செதில் உட்கார்ந்திருந்த சிறு பைகள் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தொட்டால் ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் சொரசொரப்பாக இருக்கும். அச்சுக் குத்திய மாட்டுத் தோலில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. உண்மைத் தோலில் முதுகுப் பக்கம் பெரிது, வயிற்றுப் பக்கம் சிறிது. மீன் நாற்றம் லேசாக இருந்தாலும் பதனிடுதல் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். அந்த நாற்றம் போகாது.

மதியச் சாப்பாடு டுங்காவிலேயே. எண்ணெயில் பொரித்த ங்கேகே, அதாவது திலாப்பியா, குவோனோடு. மீனை முதலில் நீங்கள் தேர்ந்தெடுங்கள், விலை அளவைப் பொறுத்தது, பொரிக்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒன்று மட்டும்: கரையோரத் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள். நத்தை வழியே தோலுக்குள் நுழையும் பில்ஹார்சியா புழு இந்த ஏரியில் உண்டு.

ஞாயிறு: கிபுயே சந்தை

ஜோமோ கென்யாட்டா நெடுஞ்சாலை ஓரத்துக் கிபுயே வாரம் முழுதும் உண்டு, ஆனால் ஞாயிறுதான் பெருஞ்சந்தை. காலை 8 மணிக்குள் போங்கள். பழைய துணிக் குவியல்தான் முதலில் கண்ணை மறைக்கும், அதைக் கடந்து பானையும் பாயும் கூடையும் கேட்டுக்கேட்டுப் போக வேண்டும். கைப்பேசியை முன்பையில் வையுங்கள்.

லுவோ பானையை வனைவது பெண்கள். பெரும்பாலும் மணமாகி வந்த வீட்டில் மாமியாரிடம் கற்றுக்கொள்கிற தொழில். அதனால்தான் ஒவ்வொரு குயவர் வட்டாரத்துக்கும் தனி அலங்காரக் கோடு உண்டு. சக்கரம் இல்லை, கையால் எழுப்பி, திறந்த வெளியில் குறைந்த சூட்டில் சுடுகிறார்கள். பானையில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். நெருப்பும் புகையும் தொட்ட இடம் அது. குறை வேறு: விரல் கணுவால் தட்டுங்கள். ஒலி தெளிவாக வந்தால் சரி, பொத்தென்று செத்த ஒலி வந்தால் எங்கோ மயிரிழை விரிசல். வாயைச் சுற்றியும் அடிப்பக்கத்திலும் தேடுங்கள். இது மெருகிடாத பானை, தண்ணீர் கசிந்து குளிரவே செய்தது. மேசைமேல் வைத்தால் மேசை நனையும். 15–20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வாங்கினால் கைப்பையில் வராது, சரக்குப் பெட்டியில் போட்டால் உயிரோடு வராது.

துணியில் லெசோ பாருங்கள். தான்சானியாவில் இதையே காங்கா என்பார்கள். இரண்டு துண்டாக ஜோடியாக விற்பார்கள், சுற்றிலும் கரை, நடுவே சித்திரம், கீழே ஒரு சுவாஹிலி வாசகம். 'வேமா ஹவுஓசி' என்று இருந்தால் நன்மை அழுகாது என்று பொருள். எல்லா வாசகமும் இப்படி இதமாக இராது. பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக் காட்டும் வாசகங்களும் உண்டு. பரிசு கொடுக்கும் முன் பொருளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிடெங்கே என்ற அச்சுத் துணியைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் நிறம் இருந்தால் நல்ல மெழுகு அச்சு, வெளிறியிருந்தால் ஒருபக்க அச்சு. இரண்டும் பெரும்பாலும் வெளிநாட்டில் நெய்தவை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பேரம்: 'நெங்கோ என் அடி?' என்றால் லுவோவில் விலை எவ்வளவு. சுவாஹிலியில் 'பெய் கானி?'. முதலில் மூன்று கடையில் விலை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். வெளியூர் முகத்துக்குச் சொல்லும் முதல் விலையில் பாதியிலிருந்து தொடங்கி, மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் முடிப்பது வழக்கம். 'புங்குசா கிடோகோ', கொஞ்சம் குறையுங்கள். 'பெய் யா ம்விஷோ?', கடைசி விலை? அவர் கடைசி விலை சொல்லிவிட்டால் அதற்குக் கீழே இழுக்காதீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் வாங்கியே தீர வேண்டும், அங்கிருந்து நகர்வது அவமதிப்பு. செய்தவரே விற்கிறார் என்றால் பேரத்தை இன்னும் மென்மையாக வையுங்கள். ஒரு பாய்க்கு அறுத்தல், உலர்த்தல், பிளத்தல், தைத்தல் எல்லாம் அவர் கை வேலை. இடைத்தரகர் வாங்கினால் சந்தை விலையில் ஒரு பகுதியைத்தான் அவருக்குக் கொடுக்கிறார் என்பது பல சந்தைகளில் உள்ள நிலை.

திங்கள்: டபாகா, மாக்கல் ஊர்

இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஏன் திங்கள் என்றால், கிசி மலையில் குசி மக்களிடையே ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையினர் மிக அதிகம், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். மற்றவர்களுக்கு ஞாயிறு தேவாலயம். வார இறுதியில் போனால் பூட்டிய பட்டறையும் நனையாத கல்லும்தான் பார்ப்பீர்கள்.

காலை 6:30-க்கு கிசுமு நிலையத்தில் கிசி மடாடு ஏறுங்கள். அஹேரோ நெல் வயல்கள், சோண்டு, ஓயூகிஸ் வழியாக 110 கிலோமீட்டர் போல, இரண்டரை மணி நேரம். கிசி நகரில் இறங்கி டபாகாவுக்கு வேறு வண்டி. மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் கிசுமுவிலேயே ஒரு காரை நாள் வாடகைக்குப் பேசுவது மேல், திரும்பும்போது கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டாம். இங்கே மொழி எக்கெகுசி. காலை வணக்கம் 'ப்வாகிரே'. லுவோ சொற்களைக் கிசுமுவிலேயே விட்டுவாருங்கள்.

கல் நம் மாக்கல்லின் உறவு. கல்சட்டி செய்கிற அதே குணம், நகத்தால் கீறினால் மாவு உதிரும், ஏனென்றால் அதில் உள்ள டால்க் கனிமங்களிலேயே மிருதுவானது. வெள்ளை, தந்த நிறம், இளஞ்சிவப்பு, சாம்பல் என்று பல நிறத்தில் குழிகளில் கிடைக்கிறது. ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தோண்டி எடுக்கிறார்கள். பாங்கா என்ற வெட்டுக்கத்தியால் கொத்தி உருவம் பிடிக்கிறார்கள். பிறகு சிறு கத்தி, உளி, அரம். கல் ஈரமாக இருக்கும்போதே செதுக்குவது தூசைக் குறைக்கும், வெட்டும் எளிது. அடுத்த கட்டம் பெண்களுடையது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லிய தாள் வரை, ஒவ்வொரு பொருளையும் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்கிறார்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், விரல் நுனி ரேகை மழுங்கிவிடும். நிறத் தட்டு என்றால் உலர்ந்த பிறகு சாயம் ஏற்றி, கூர்முனையால் கீறி ஒட்டகச்சிவிங்கியும் மீனும் வரைகிறார்கள். கீறிய இடத்தில் உள்ளிருக்கும் வெள்ளைக் கல் கோடாகத் தெரிகிறது. கடைசியில் மெழுகு. பட்டறைக்குள் முகக்கவசம் போடுங்கள், கல் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல.

வாங்கும்போது நான்கு சோதனை. முதலாவது, பொருளைத் தண்ணீரில் நனையுங்கள். கல் எங்கும் ஒரே மாதிரி கறுக்கும், உடைந்து ஒட்டிய இடம் மட்டும் தனிக்கோடாக நிற்கும். உடைந்த கழுத்தைப் பசையும் கல்மாவும் குழைத்து ஒட்டி மெழுகு பூசுவது பல இடத்தில் நடக்கிறது. இரண்டாவது, நனைந்த வெள்ளைத் துணியால் அடிப்பக்கம் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அது வீட்டிலும் ஒட்டும். மூன்றாவது, மெல்லிய பாகங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கால், கோத்த கைகள், தட்டின் விளிம்பு. கல்லின் நரம்புக்கோடு இவற்றைக் குறுக்கே வெட்டிச் சென்றால் அங்கேதான் முறியும். நீளவாக்கில் ஓடினால் தாங்கும். நான்காவது, தட்டையான தளத்தில் வைத்து மூலையில் தொடுங்கள், ஆடக் கூடாது.

சதுரங்கப் பலகை வாங்கினால் 32 காய்களையும் எண்ணி, ஜோடி ஜோடியாக உயரம் ஒப்பிட்டு வாங்குங்கள். ஊர் வந்தபின் ஒரு குதிரை குறைந்தால் என்ன செய்வது. சாயமிட்ட கிண்ணத்தில் உணவு வைக்காதீர்கள், அடுப்பில் ஏற்றவே கூடாது. கல்சட்டிபோலப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், இவை சமைப்பதற்காகச் செய்தவை அல்ல.

எடைக் கணக்கு போட்டுவிட்டு விலை பேசுங்கள். மாக்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.7 மடங்கு. 10 சென்டிமீட்டர் பக்கம் உள்ள கட்டி 2.7 கிலோ. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு, 21 கிலோவுக்கு மேல். கண்ணுக்குக் 'கொஞ்சம் பெரிசு' என்று தெரிவது பெட்டியை முழுதாகத் தின்றுவிடும். உள்ளங்கை அளவு பொருள்கள் ஏழெட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். சொல்லிச் செய்ய வேண்டுமானால் படமும் சென்டிமீட்டர் அளவும் எழுதிக்கொடுத்து, பாதி முன்பணம் எம்-பெசாவில் போடுங்கள். ரசீது தானாகக் கைபேசியில் இருக்கும்.

தொடவே கூடாதவை

யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு, சிறுத்தை, கொலோபஸ் குரங்குத் தோல். பழையது, தாத்தா காலத்தது என்று சொன்னாலும் வேண்டாம். கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது, வனவிலங்குப் பொருளைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மாட்டெலும்பில் செய்த வளையல் சட்டப்படி சரி, ஆனால் தந்தமா எலும்பா என்று விமான நிலையத்தில் விவாதிக்கும் நிலை வரக்கூடாது. எலும்பில் சின்னச்சின்னக் கறுப்புப் புள்ளியும் கோடும் இருக்கும், தந்தத்தில் குறுக்குவெட்டில் வலைபோல் கோடு ஓடும். கருங்காலி என்று விற்கும் சிற்பங்களில் பல காலணி மெருகு பூசிய வேறு மரம். எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள், அடியில் நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளிறினால் விலையும் வெளிற வேண்டும்.

கட்டுவதும் கொண்டுவருவதும்

கல்லும் பானையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், ஒன்றோடு ஒன்று தொட்டால் கல் பானையை நொறுக்கும். ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாள் மூன்று சுற்று, மேலே வேட்டித் துண்டு. உள்கூடு உள்ள எல்லாவற்றிலும் சட்டையோ காலுறையோ திணியுங்கள், வெற்றிடம்தான் உடைக்கிறது. கனமான கல் பெட்டியின் நடுவில், சக்கரப் பக்கம், நாலு விரல் துணிக்கு அடுத்து. பானை கைப்பையில். பாயையும் கூடையையும் கட்டும் முன் ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள், தட்டி உதறுங்கள். விதை மணி, மண் ஒட்டிய வேர், பட்டை போகாத மரம் எதுவும் வேண்டாம். தாவரப் பொருள் இருப்பதை நம் விமான நிலையச் சுங்கத்தில் முதலிலேயே சொல்லிவிட்டால் திறந்து பார்த்து அனுப்புவார்கள், மறைத்தால்தான் சிக்கல்.

வீட்டில் ஆகாயத்தாமரைக் கூடையை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி, நிழல் காற்றில் இரண்டு நாள். ஈரத் துணி தொடக் கூடாது. சாயமில்லாத மாக்கல் மங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தேன்மெழுகை மென்துணியில் தடவித் தேய்த்தால் இளஞ்சிவப்புக் கோடுகள் மறுபடி மேலே வரும்.